கராபாஷெவுக்கு ஒட்டிய கண்ணீர் அஞ்சலி

நவம்பர் 19, செவ்வாய்

அன்பு மகள் நெவ்யானாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுகம், அப்பாவின் இடது முழங்கால் மட்டும் சுகமில்லை, மழை வருமா வராதா என்று அது வானிலை அறிக்கைக்கு முன்னாலேயே சொல்லிவிடுகிறது, அந்த வகையில் அதற்கும் ஒரு வேலை கிடைத்துவிட்டது. அங்கே நீ சுகமாக, சூடாக, வேளாவேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு இருப்பாய் என்று நம்புகிறேன். நம்புகிறேன் என்றுதான் எழுத முடியும், போனில் நீ காட்டுவது கழுத்துக்கு மேலே மட்டும்தான், கீழே என்ன சாக்ஸ் போட்டிருக்கிறாய் என்பது எனக்கும் தெரியவில்லை, உனக்கும் தெரியுமோ என்னவோ. போனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று கேட்பாய். போனில் நான் எதையாவது சொல்ல ஆரம்பித்தால் உன் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து "வியாழன் இல்ல, வெள்ளி" என்று திருத்திக்கொண்டே இருப்பார். இந்தப் பெட்டி நார்வேக்குப் போகும் லாரியில் வருகிறது, ஆறு குடமிளகாய் விழுது ஜாடிகளுக்கும் நடுவில் கொஞ்சம் இடம் இருந்தது, உடையாமல் இருக்கப் பழைய செய்தித்தாளைத் திணிப்பார்கள், நான் புதுச் செய்திகளைத் திணித்திருக்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ இரண்டு விஷயம் சொன்னாய். ஒன்று, இந்தப் புத்தாண்டுக்கும் வர முடியாது, வேலை இருக்கிறது என்றாய். இது மூன்றாவது புத்தாண்டு. சரி. நான் ஒன்றும் சொல்லவில்லை, நீயே கவனித்திருப்பாய், முழுசாக அரை நிமிஷம் ஒன்றுமே சொல்லவில்லை, உன் அப்பா பயந்துபோய் என் நாடியைப் பிடித்துப் பார்த்தார். இரண்டாவது, "ஏம்மா, நாள் முழுக்க ஆபீஸ்ல உக்காந்துட்டு வந்து வீட்லயும் ஆபீஸ் நாடகத்தையே பாக்குறியே, அலுக்கலியா" என்று கேட்டாய். முதலாவதைக் கடைசியில் பேசுவோம். இரண்டாவதற்குப் பதில் இருக்கிறது, ஆனால் அதைச் சொல்வதென்றால் போன மாதம் நான் செய்த காரியத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். எப்படியும் உன் சித்தி காதில் விழுந்து, அங்கே கொஞ்சம் வளர்ந்து, உன்னிடம் வந்து சேரும். அதற்குள் என் வாயாலேயே கேட்டுவிடு, நான் அளவாகத்தான் கூட்டுவேன்.

அந்த நாடகம், "மீட்டர் பிரிவு", நீ கல்லூரி முடித்த வருஷம் தொடங்கியது, இப்போது ஏழாவது வருஷம் ஓடுகிறது, வியாழக்கிழமை எட்டரை மணிக்கு ஊரில் தெருநாய்கூட நடமாடுவதில்லை. தண்ணீர் மீட்டர் பழுது பார்க்கும் அரசு அலுவலகம். ஏழு வருஷத்தில் ஒரு மீட்டர்கூடப் பழுது பார்க்கப்பட்டதில்லை. மேலதிகாரி பொறியாளர் கராபாஷெவ், வழுக்கைத் தலை, தடிக் கண்ணாடி, ஸ்டேப்லரைக் கயிறு போட்டு மேஜைக் காலில் கட்டி வைத்திருப்பார், காபி குடிக்கும் நேரத்தை முட்டை வேகவைக்கும் கடிகாரம் வைத்து அளப்பார். செயலாளர் லோரா, புத்திசாலி, அழகி. பழைய கோப்புகள் அறையில் கிச்கா, அடுத்தவருக்கு வரும் பார்சலைப் பிரித்துப் பார்ப்பவள், ஒரு காதால் போன் பேசி இன்னொரு காதால் பக்கத்து அறையைக் கேட்பவள். இதைப் பார்த்த முதல் நாளே நம் குடமிளகாய் விழுதுத் தொழிற்சாலையில், சரக்கு அனுப்பும் பிரிவில் உட்காரும் எங்கள் எல்லோருக்கும் புரிந்துவிட்டது, இது எங்கள் கதை, யாரோ எங்களை ஒட்டுக்கேட்டு எழுதுகிறார்கள். எங்கள் மேலதிகாரி பான்தெவ் சார் அப்படியே கராபாஷெவ். அதே வழுக்கை, அதே கண்ணாடி. ஸ்டேப்லரைக் கயிற்றில் கட்டுவதை அவர் நாடகம் வருவதற்குப் பத்து வருஷம் முன்பே தொடங்கிவிட்டார். கராபாஷெவ் செய்யாத ஒன்றையும் அவர் செய்வார், குளிர்காலத்தில் ஹீட்டரைத் திருகும் குமிழ்களைக் கழற்றித் தன் மேஜை இழுப்பறையில் பூட்டி வைத்துக்கொள்வார். நாங்கள் அவருக்குக் கராபாஷெவ் என்று பேர் வைத்தோம், ஆறே மாதத்தில் ஊரே வைத்துவிட்டது. பான்தெவ் என்றால் தபால்காரருக்கே தெரியாது.

அப்புறம்தான் தெரிந்தது, தபால் நிலையத்திலும் அது அவர்களுடைய கதையாம். பல் ஆஸ்பத்திரியில் கேட்டால், "இது எங்களைப் பத்தி எழுதினதுங்க, எங்க டாக்டரம்மாவோட அக்கா மக சோஃபியாவுல டிவில வேலை பாக்குறா" என்று என் வாய்க்குள் கையை வைத்துக்கொண்டே சத்தியம் செய்கிறார்கள். நாடு முழுக்க ஒவ்வொரு அலுவலகமும் தன்னிடமிருந்துதான் திருடினார்கள் என்று பெருமையாகக் கோபப்படுகிறது. இதில் இன்னொரு வேடிக்கை, எல்லோரும் அடுத்த நாற்காலியில் இருப்பவரைத்தான் கண்டுபிடிக்கிறார்கள், தன்னைக் கண்டுபிடித்த ஒரு ஆளை நான் பார்த்ததில்லை. நான் என்னை லோரா என்று நினைத்துக்கொண்டு மூன்று வருஷம் சந்தோஷமாக வாழ்ந்தேன். ஒருநாள் காபி நேரத்தில் தற்செயலாக அதைச் சொல்லியும் தொலைத்தேன். இருபத்திரண்டு வருஷமாகப் பக்கத்து மேஜையில் உட்காரும் தொட்கா வாயிலிருந்த பிஸ்கட்டை வெளியே எடுத்துவிட்டு, "நீ லோராவா? அடியே ஸ்னெஷா, நீ கிச்கா டீ" என்றாள். கிடங்கு வெஸ்கோ அந்தப் பக்கமிருந்து, "இதுல சந்தேகம் வேறயா, போன வாரம் எனக்கு வந்த பார்சல்ல ஸ்வெட்டர் இருக்குன்னு எனக்கு முன்னாடி யாரு சொன்னது" என்றான். ஊதா ஸ்வெட்டர். அவனுக்குப் பொருந்தவில்லை. அன்று மாலை உன் அப்பாவிடம் போய், நான் கிச்காவா, சொல்லுங்க என்று கேட்டேன். அவர் செய்தித்தாளை இறக்காமல், "கிச்கா கொஞ்சம் ஒல்லி" என்றார்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். அக்டோபரில் பான்தெவ் சார் பித்தப்பைக் கல்லுக்காகத் தலைநகர் சோஃபியாவில் அறுவை சிகிச்சைக்குப் போனார், மனைவியும் கூடப் போனார், வீடு பூட்டிக் கிடந்தது. அவர் போன மூன்றாம் நாள், ஒரு வியாழக்கிழமை, முன்னறிவிப்பு எதுவும் இல்லாமல் டிவிக்காரர்கள் கராபாஷெவைக் கொன்றுவிட்டார்கள். நடிகருக்கு வேறு எங்கோ நல்ல இடம் கிடைத்ததாம். இரண்டு மாடிகளுக்கு நடுவே நின்றுபோன லிஃப்டில் மாரடைப்பு, அதையும் காட்டக்கூட இல்லை, கதவைத் திறக்கிறார்கள், முட்டைக் கடிகாரம் மட்டும் அடிக்கிறது. நெவ்யானா, நான் உன் பெரியப்பா போனபோதுகூட இப்படி விளக்குப் போடாமல் உட்காரவில்லை. மறுநாள் அலுவலகத்தில் யாரும் வேலை செய்யவில்லை, மற்ற நாட்களிலும் பெரிதாகச் செய்வதில்லை, ஆனால் அன்று காரணத்தோடு செய்யவில்லை. தொட்கா அழுதாள், உண்மையாகவே, மூக்கு சிவக்க. "எப்படிடீ சாகலாம்? ஏழு வருஷமா எதுவுமே ஆகலியே, அதுக்காகத்தானே பாத்தோம்" என்றாள். அவள் சொன்னதில் எல்லாம் இருக்கிறது. நான்தான், துக்கத்தைச் சும்மா விடுவானேன் என்று, ஒரு கண்ணீர் அஞ்சலி நோட்டீஸ் எழுதலாம் என்றேன்.

நம் ஊர் வழக்கம் உனக்குத் தெரியும், அங்கே போய் மறந்திருக்க மாட்டாய். ஒருவர் போனால் சுவர், மரம், பஸ் நிறுத்தம், வாசல் கேட் எல்லாவற்றிலும் அவர் முகம் போட்ட தாளை ஒட்டிவிடுவோம், நாற்பதாம் நாளுக்கு ஒன்று, அரை வருஷத்துக்கு ஒன்று, போனவர் இருந்த காலத்தைவிட அதிகமாக ஊரில் நடமாடுவார். நான் எழுதியது இதுதான். மேலே கறுப்புச் சிலுவை. "பொறியாளர் கராபாஷெவ், வயது 58, கடமையைச் செய்துகொண்டும் மற்றவர்களைச் செய்யவிடாமலும் இருந்த வேளையில் நம்மை விட்டுப் பிரிந்தார். அவர் இல்லாமல் இனி யாரைத் திட்டுவோம் என்று தெரியாமல் தவிக்கும், சரக்குப் பிரிவு." டிவி பத்திரிகையிலிருந்து நடிகரின் படத்தை வெட்டி நடுவில் ஒட்டினோம். எங்கள் நகல் இயந்திரம் எதையும் கறுப்பாகவே எடுக்கும், பிரதியில் வழுக்கையும் கண்ணாடியும் மட்டும் மிஞ்சின. எங்கள் அறைக் கதவில் ஒன்று, தொழிற்சாலை கேட்டில் ஒன்று, அவ்வளவுதான் நான் சொன்னது, வேண்டுமானால் தொட்காவைக் கேட்டுப்பார். வெஸ்கோ நாற்பது பிரதி எடுத்தான். "நல்லா எழுதியிருக்கக்கா, நாலு பேர் படிக்கட்டுமே" என்று சொல்லிவிட்டு, வேலை முடிந்து வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் ஒட்டிக்கொண்டே போனான். பான்தெவ் சாரின் வீடு அவன் போகிற வழியில்தான் இருக்கிறது.

சனிக்கிழமை காலை சந்தைக்குப் போனேன். மீன் விற்கும் யூலிக்கா கெண்டை மீனை நிறுத்துக்கொண்டே, "பாவம், கராபாஷெவ் போயிட்டாராமே, சுள்ளுன்னு விழுவாரு, ஆனா கை சுத்தமான மனுஷன்" என்றாள். ஆமாம், லிஃப்டில் என்று நானும் வருத்தமாகத் தலையாட்டினேன். "லிஃப்டுலயா? ஆபரேஷன்லன்னு சொன்னாங்க" என்றாள். அப்போதுதான் எனக்குப் புரிந்தது, அவள் சொல்வது பான்தெவ் சாரை. நம் ஊர் நோட்டீஸில் எப்போதும் பட்டப்பெயரைத்தான் பெரிதாகப் போடுவார்கள், இல்லாவிட்டால் யாருக்காக அழுவது என்று யாருக்கும் தெரியாது. வழுக்கை, கண்ணாடி, பட்டப்பெயர், கீழே சரக்குப் பிரிவு என்று கையெழுத்து. வீடோ பூட்டியிருக்கிறது. வாசகம் கொஞ்சம் ஒருமாதிரி இருக்கிறதே என்று ஒருவருக்கும் தோன்றவில்லையா என்று யூலிக்காவைக் கேட்டேன். "படிச்சேனே, அவரைப் பத்தி ஒரு வார்த்தை பொய் இல்லியே" என்றாள்.

அன்றும் மறுநாளும் நானும் உன் அப்பாவும் வாளியில் வெந்நீரும் கத்தியும் எடுத்துக்கொண்டு ஊர் சுற்றினோம். முப்பது வருஷத்தில் நாங்கள் கைகோத்து இவ்வளவு தூரம் நடந்ததில்லை. வெஸ்கோ பயன்படுத்தியது எங்கள் தொழிற்சாலையின் லேபிள் பசை. இந்த நாட்டில் காலி ஜாடியை ஊறவைத்து லேபிளைச் சுரண்டிப் பார்த்த எந்தப் பெண்ணும் அந்தப் பசையைச் சபிக்காமல் இருந்ததில்லை, நான் இருபத்திரண்டு வருஷமாக அதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு நோட்டீஸுக்குக் கால் மணி நேரம். முகம் போய்விடும், கண்ணாடி மட்டும் சுவரிலிருந்து நம்மையே பார்க்கும். போகிற வருகிறவர்கள் எல்லாம், "என்னங்க, ஒட்டி ரெண்டு நாள்கூட ஆகலியே, அதுக்குள்ள அந்த மனுஷனைக் கிழிக்கிறீங்களே, உசுரோட இருக்கும்போதுதான் பேசினீங்க" என்று என்னைத் திட்டினார்கள். அவர் சாகவில்லை என்று சொன்னேன். "மனசைத் தேத்திக்கம்மா" என்று என் தோளைத் தட்டிக்கொடுத்தார்கள். எனக்கு ஐம்பத்து மூன்று வயதாகிறது, இந்த ஊரில் விளக்கு எரிகிற தொழிற்சாலை ஒன்றே ஒன்றுதான், அதில் என் வேலையைத் தீர்மானிக்கிறவருக்கு நானே சாவு எழுதி நாற்பது பிரதி ஒட்டவைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் உட்கார்ந்து ராஜினாமாக் கடிதம் எழுதினேன். மூன்று தடவை எழுதினேன், முதல் இரண்டும் வேடிக்கையாக வந்துவிட்டன.

திங்கட்கிழமை பதினொரு மணிக்கு, மருந்துக்கடைக்குப் போகிறேன் என்று தொட்காவிடம் சொல்லிவிட்டு, கடைசி நோட்டீஸைச் சுரண்டப் போனேன். அது பான்தெவ் சாரின் சொந்த கேட்டிலேயே இருந்தது. கேட்டடியில் பன்னிரண்டு பூங்கொத்து, ஒவ்வொன்றிலும் துக்கத்துக்கு உரிய இரட்டைப் படையில் பூ, பக்கத்தில் சர்க்கரை போட்ட வேகவைத்த கோதுமை ஒரு கிண்ணம், ஊர் முறையாகவே செய்திருந்தது. நான் முழங்காலிட்டுச் சுரண்டிக்கொண்டே படத்தின் கண்ணாடிக்குக் கீழே வந்திருந்தபோது பின்னால் ஒருவர், "ஸ்னெஷா அத்தை, எடுத்துட்டாங்களா? நான் லேட்டா வந்துட்டேனா?" என்றார். திரும்பினால் தோப்ரின். பான்தெவ் சாரின் மகன், உனக்கு இரண்டு வகுப்பு மேலே படித்தானே, அவன்தான். பொறியியல் முடித்துவிட்டு டொராண்டோ போய் நாய்களுக்கு முடி வெட்டும் கடை வைத்தான், "நாய்க்கு முடி வெட்டவா உன்னை அஞ்சு வருஷம் படிக்க வெச்சேன்" என்று அவர் போனை வைத்தார், அதோடு ஆறு வருஷம் இரண்டு பக்கமும் பேச்சில்லை. ஆபரேஷன் என்றுகூட அவனுக்குச் சொல்லவில்லை. பக்கத்து வீட்டு ஓய்வுபெற்ற டீச்சர் நோட்டீஸைப் பார்த்து, எங்கேயோ எழுதிவைத்திருந்த எண்ணைத் தேடி, சனிக்கிழமையே அவனைக் கூப்பிட்டிருக்கிறார். வீட்டு போனை யாரும் எடுக்கவில்லை, சாரின் கைபேசி ஆஸ்பத்திரியில் அணைத்து வைத்திருந்தது, அம்மாவின் எண்ணோ நடுவில் மாறிவிட்டது. அவன் விமானம் ஏறிவிட்டான். கண்கள் வீங்கி, கையில் நாலு வெள்ளைப் பூ, சட்டையில் யாரோ ஒரு நாயின் முடி. என் வாழ்க்கையில் கையில் செய்தி இருந்தும் நான் வாய் திறக்காமல் நின்றது அந்த ஒரு தடவைதான். 

அப்போது டாக்சி வந்து நின்றது. பான்தெவ் சார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெதுவாக இறங்கினார், பின்னால் அவர் மனைவி பான்தெவா அம்மா மருந்துப் பையோடு. அவர் பூக்களைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கத்தியைப் பார்த்தார், நோட்டீஸைப் பார்த்தார், கடைசியில் மகனைப் பார்த்தார். எதையும் வரிசையாகத்தான் செய்வார். வேறு கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, மிஞ்சியிருந்ததை முழுசாகப் படித்தார். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். "வயசு தப்பு. கராபாஷெவுக்கு அறுபத்தி நாலு ஆயிடுச்சு. மூணாவது வருஷமே அறுபதுக்குக் கேக் வெட்டினாங்க" என்று சொல்லி, 58ஐ அடித்து 64 என்று எழுதினார். தோப்ரின், "அப்பா, நீங்க செத்துட்டீங்கன்னு டீச்சர் போன் பண்ணாங்க" என்றான். "பித்தப்பையைத்தான் எடுத்தாங்க" என்றார். பான்தெவா அம்மா மருந்துப் பையைத் தரையில் வைத்துவிட்டு அதன்மேலேயே உட்கார்ந்துவிட்டார். சார் தன் மகனின் சட்டையிலிருந்து அந்த முடியை இரண்டு விரலால் எடுத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "நாய்ங்களை இப்ப யாரு பாத்துக்கறா?" என்று கேட்டார். "கூட்டாளி பாத்துக்கறாம்பா." "சரி, உள்ள வா. காலைத் தொடச்சிட்டு வா." கேட்டைத் தாண்டும்போது திரும்பாமலே, "ஸ்னெஷானா அம்மா, மணி பதினொண்ணே கால்" என்றார். மருந்துக்கடைக்குப் பதினைந்து நிமிஷம்தான் அனுமதி.

மூன்று வாரம் அவர் வீட்டில் ஓய்வு. அந்த மூன்று வாரமும் அவர் நாற்காலி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. ராஜினாமாக் கடிதம் பாவாடைப் பையிலேயே இருந்து மடிப்பில் கிழிய ஆரம்பித்துவிட்டது. சார் வேலைக்குத் திரும்பிய அன்று காலை கையில் ஒரு சாக்லேட் பெட்டியோடு வந்தார். குழந்தை பிறந்தால், கார் வாங்கினால், ஏன் புது அடுப்பு வாங்கினால்கூட நம் ஊரில் அலுவலகம் முழுக்கப் பெட்டியை நீட்டவேண்டும் என்றாலும், இருபத்திரண்டு வருஷத்தில் அவர் பெட்டி நீட்டி நாங்கள் பார்த்ததில்லை. ஒவ்வொரு மேஜையாக வந்தார். எதுக்கு சார் என்று வெஸ்கோ கேட்டான். "பையன் வந்திருந்தான்" என்றார். தொட்கா இரண்டாவதுக்குக் கை வைத்தாள், பெட்டி நகர்ந்துவிட்டது. என்னிடம் மட்டும் நீட்டாமல், உள்ளே வாங்க என்றார்.

மேஜைமேல் அந்த நோட்டீஸ், எங்கள் கண்ணில் படாமல் முழுசாகத் தப்பிய ஒரு பிரதி, சிவப்பு மையால் திருத்தியிருந்தார். இரண்டு காற்புள்ளி போட்டிருந்தார். "போட்டோ ரொம்பக் கறுப்பா விழுந்திருக்கு. அடுத்த தடவை எங்கிட்டயே கேளுங்க, பாஸ்போர்ட்டுக்கு எடுத்தது ஒண்ணு நல்லா இருக்கு" என்றார். எனக்கு அப்போதுதான் உறைத்தது. நாங்கள் ஏழு வருஷமாக அவர் முதுகுக்குப் பின்னால் ரகசியமாகச் சிரித்துக்கொண்டிருந்தது ரகசியமே இல்லை. நான் கேட்கவில்லை, என் வாய் கேட்டது, எப்பலேருந்து சார் தெரியும் என்று. "மொதல் பாகத்துலேருந்து. ஆனா அதுல ஸ்டேப்லர் கயித்துக்கு மூணு முடிச்சு. நான் ரெண்டுதான் போடுவேன்" என்றார். பிறகு, "கையில என்ன?" என்றார். கடிதத்தைக் கொடுத்தேன். படித்தார். சிவப்புப் பேனாவை எடுத்து இரண்டு பிழையைச் சுழித்தார். "திருத்தி எழுதிட்டு வாங்க. அவசரம் இல்ல" என்று திருப்பிக் கொடுத்தார். இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறேன். நான் கதவருகே போனதும், நோட்டீஸைப் பார்த்துக்கொண்டே, "யாராவது அழுதாங்களா?" என்று கேட்டார். தொட்கா அழுதா சார் என்றேன். அது பொய் இல்லையே, எந்தக் கராபாஷெவுக்காக என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அன்று மத்தியானம் தொட்காவின் மேஜையில் ஹீட்டர் குமிழ் ஒன்று இருந்தது. அவள் அதைக் கழுத்தில் மாட்டிக்கொள்ளாத குறைதான். இப்போது அவள் பக்கம் மட்டும் மே மாதம், நான் கோட்டோடு உட்கார்ந்திருக்கிறேன்.

பான்தெவா அம்மாவைப் போன வாரம் ரொட்டிக் கடையில் பார்த்து மன்னிப்புக் கேட்டேன். அவர் சிரித்தார். "ஸ்னெஷா, அந்த மனுஷன் வாரத்துல ஒரு நாள்தான் சிரிப்பாரு, வியாழக்கிழமை. இவ்ளோ கவனமா என்னை யாரு பாத்திருக்காங்கன்னு கேட்டுக் கேட்டுச் சிரிப்பாரு" என்றார். தோப்ரின் இரண்டு வாரம் இருந்துவிட்டுப் போனான். இப்போது வியாழக்கிழமை எட்டரைக்கு அப்பாவும் மகனும் ஆளுக்கொரு இடத்தில் நாடகத்தைப் போட்டுக்கொண்டு போனில் இருக்கிறார்களாம், அங்கே மத்தியானம், ஏதோ ஒரு நாய் பாதி முடியோடு காத்திருக்கும். படிப்பைப் பற்றியோ அந்த ஆறு வருஷத்தைப் பற்றியோ ஒரு வார்த்தை கிடையாது. புதிதாக வந்திருக்கும் பொறியாளர் சரியில்லை என்றுதான் பேச்சு. உண்மையாகவே சரியில்லை, எல்லோருக்கும் பூ வாங்கி வருகிறான், ஸ்டேப்லரை அவிழ்த்துவிட்டான். இனிமேல் பார்க்கப் போவதில்லை என்று நாங்கள் எல்லோரும் சொல்லிவிட்டோம், எவ்வளவு மோசமாகப் போகிறது என்பதை மட்டும் ஒவ்வொரு வாரமும் பார்க்கிறோம்.

அலுக்கலியா என்று கேட்டாயே. கணவனை நான் தேர்ந்தெடுத்தேன், அதில் தப்பு நடந்திருந்தால் என் தப்பு. தொட்காவையும் வெஸ்கோவையும் பான்தெவ் சாரையும் யாரும் என்னைக் கேட்டு வைக்கவில்லை, அவர்களும் என்னைக் கேட்டு வாங்கவில்லை, ஆனாலும் உன் அப்பாவோடு இருந்ததைவிட அவர்களோடு இருந்த மணி நேரம் அதிகம். காலையில் அவர்களைத் திட்ட முடியாது, எட்டரைக்கு அதே ஆட்கள் டிவியில் வருகிறார்கள், அங்கே சிரித்துக்கொள்ளலாம், மறுநாள் காலை அதே சிரிப்போடு அவர்கள் முகத்தைப் பார்க்கலாம். எவ்வளவு சண்டை போட்டாலும் அடுத்த வியாழன் அவரவர் நாற்காலியில் அவரவர் இருப்பார்கள். வேறு யாரைப் பற்றி நமக்கு அந்த உறுதி இருக்கிறது, சொல். பார்த்து முடித்ததை மறுநாள் அரை மணி நேரம் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிறோம், எல்லோரும் பார்த்ததைத்தான், அதற்குப் பெயர் வேலை நேரம்.

உன்னிடம் ஒன்று கேட்கவேண்டும். போன ஞாயிற்றுக்கிழமை பேசிக்கொண்டிருந்தபோது உன் பின்னால் ஒரு இசை கேட்டது. குழாயில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுகிற சத்தம், அப்புறம் அந்தப் பெரிய ஊதுகுழல், நாடகத்தின் தொடக்க இசையேதான். என்ன சத்தம் என்றேன், பக்கத்து வீட்டு டிவி என்றாய். நார்வேயில் நம் மகளின் பக்கத்து வீட்டுக்காரர் "மீட்டர் பிரிவு" பார்க்கிறாராம் என்று அப்பாவிடம் சொன்னேன். அவர் முழங்காலைத் தடவிக்கொண்டே, "நல்ல நாடகம்தானே" என்றார். நான் கிச்கா, என் காதுக்குத் தப்பாது. நாள் முழுக்க ஒரு அறையில் தனியாக, தனக்குத்தானே முதலாளியாக, கணினியோடு உட்கார்ந்திருக்கிறவள், பழைய பாகங்களை ஓடவிட்டுக்கொண்டு வேலை செய்தால் எனக்கு ஏன் என்று புரியாதா? அறையில் நாலு பேர் சத்தம் வேண்டும், ஸ்டேப்லருக்குச் சண்டை போட யாராவது வேண்டும். உனக்கு லீவ் தரமாட்டேன் என்று சொல்ல ஒரு பான்தெவ் அங்கே இல்லை, அதுதான் சங்கடம், இருந்தால் அவரோடு மல்லுக்கட்டியாவது வாங்கிக்கொண்டு வந்திருப்பாய். உன்னை நீயே அனுப்பமாட்டேன் என்றால் யாரிடம் போய் முறையிடுவது. இனி வியாழக்கிழமை நம் எட்டரைக்கு, உன் ஏழரைக்கு, நீயே கூப்பிடு. வேறு எதுவும் கேட்கமாட்டேன், புதுப் பொறியாளரை மட்டும் திட்டுவோம். தோப்ரினுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை, இது வெறும் தகவல்.

உன் அப்பா ஒரு யோசனை வைத்திருக்கிறார். "உனக்கும் ஒண்ணு அடிச்சு ஒட்டிடலாமா? அந்தப் பையன் மாதிரி இவளும் மூணே நாள்ல வந்துடுவா" என்றார். போட்டோகூட எடுத்து வைத்துவிட்டார், வர்ணா கடற்கரையில் தொப்பியோடு எடுத்தது, நான் அதில் கொஞ்சம் லோரா மாதிரிதான் இருக்கிறேன். முதலில் கடிதம் போட்டுப் பார்ப்போம், பசை எங்கேயும் போய்விடாது என்று சொல்லியிருக்கிறேன்.

நல்லா இரு கண்ணு. உன் கை வேலையும் உடம்பும் குறையில்லாமல் இருக்கட்டும், நீ கதவைத் திறக்கும்போதெல்லாம் உள்ளே யாராவது உன் பேரைச் சொல்லிக் கூப்பிடட்டும். கம்பளிச் சாக்ஸ் பெட்டியின் அடியில் இருக்கிறது, போட்டுக்கொண்டு போனில் காலைக் காட்டு. மறக்காதே, ஆறு ஜாடியும் நம் வீட்டு ஜாடி, காலியானதும் மூடியோடு கழுவி வை. லேபிளைச் சுரண்டிப் பார்க்காதே, வராது. திருப்பி லாரியில் அனுப்பாதே, உடைந்துவிடும். கையோடு கொண்டு வந்து கொடு.

இப்படிக்கு, குளிரில் கோட்டோடு உட்கார்ந்திருக்கும் உன் அம்மா,
ஸ்னெஷானா
(ஆபீஸில் கிச்கா)